மெட்ராஸ் போர்டை விட்டு எழுந்தது

மகாராஷ்டிரம் தனி மாநிலமான வருஷம், 1960இல், நான் பம்பாயில் டிரங்க் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். மாநிலம் பிறந்தது மே மாதம். நான் சேர்ந்தது மழை பிடித்த பிறகு. முதல் நாளே மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். புதுச் சேலையின் கரை சாயம் போய்விட்டதற்காக அம்மா ஒரு வாரம் புலம்பினாள். என் தங்கை அது 61 என்பாள். 61இல் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மா சேலைக்காகப் புலம்பும் நிலையிலேயே இல்லை. ஆகவே 60தான்.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, லைன் கிடைத்ததும் கார்டு என்கிற வயரைப் போர்டில் செருகி இரண்டு பக்கத்தையும் இணைப்போம். நீண்ட கூடத்தில் சுவரோரமாகப் போர்டுகள் வரிசையாக நிற்கும். டில்லி போர்டு, கல்கத்தா போர்டு, நாக்பூர் போர்டு, அகமதாபாத் போர்டு என்று ஊர் வாரியாகப் பிரிவு. ஒவ்வொன்றின் முன்னும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிய பெண்கள். கோவாக்காரிகள், பார்சிகள், ஆங்கிலோ இந்தியர்கள், மராத்தியர், குஜராத்தியர், சிந்திகள் என்று அந்த ஒரு கூடத்தில் இருந்த ஜாதி, மத, பாஷைக் கலவையை நான் அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் ஒரு கோவா அம்மாள். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'.

நான் ரிசர்வ் இடத்தில், ஜாதி இட ஒதுக்கீட்டில் வந்தவள். அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சேர்ந்த அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதை மட்டும் நான் தெரிந்துகொண்டேன்.

மிஸ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டமில்?" ஆமாம் என்றேன். "ஓகே, மெட்ராஸ்" என்று கையை நீட்டினார். நான் ஏழு வருஷம் உட்கார்ந்த நாற்காலி அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

பக்கத்து நாற்காலியில் மாட்டுங்காவைச் சேர்ந்த பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், வேலையில் இரண்டு வருஷம் சீனியர். கல்யாணமாகி கிங்ஸ் சர்க்கிள் பக்கம் குடியிருந்தாள். அவளும் தமிழ் என்பதால்தான் அங்கே போடப்பட்டவள். நான் அவளை அக்கா என்றே கூப்பிட்டேன்.

"எங்கே ஜாகை?" என்று கேட்டாள்.

"லேபர் கேம்ப்க்கா."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. லேபர் கேம்ப் என்றால் எந்த ஜனங்கள் என்று பம்பாய்த் தமிழர் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய ஃப்ளாஸ்க் காப்பியில் எனக்குப் பங்கு கிடைக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அந்தக் காலத்துக்கு அது ஒன்றும் தாமதமில்லை என்று நான் சொன்னால், இன்றைய பிள்ளைகள் என்னை முறைக்கிறார்கள்.

மெட்ராஸ் போர்டுக்குத் தமிழ்ப் பெண்களே வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பி.பி. கால் என்று ஒன்று இருந்தது. குறிப்பிட்ட ஓர் ஆளோடு பேச வேண்டும் என்று பதிவு செய்வது. அந்த ஆளின் பெயரைச் சீட்டில் எழுதினால்தான் மறுமுனையில் தேடிக் கூட்டிவருவார்கள். தாராவியிலிருந்து பெண்கள் ஊருக்குப் போயிருக்கும் கணவனுக்குக் கால் பதிவு செய்வார்கள். பலசரக்குக் கடையில் நின்றுகொண்டு பேசுவார்கள். ஊர் சொல்வார்கள், ஃபோன் இருக்கும் அரிசி மில்லைச் சொல்வார்கள். "ஆள் பேரு?" என்றதும் ஊமையாகிவிடுவார்கள்.

"அவிய பேர நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

"சொல்லாட்டா நான் எப்படிம்மா எழுதுவேன்?"

"மலை மேல நிக்காருல்லா, அந்தச் சாமி பேருதான்."

மலை மேல் நிற்கும் சாமிகளின் பெயர்களை நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவோம். வடக்கு மலையா, தெற்கு மலையா, கையில் வேலா சங்கா என்று விசாரணை நடக்கும். ஏதோ ஒரு பெயரில் அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அதுதான் பெயர். இதற்குள் போர்டில் காத்திருக்கும் கால்களுக்கான விளக்கு நாலு எரிந்துகொண்டிருக்கும். மற்றப் போர்டுக்காரிகள் எங்களைப் பார்த்து, "பூஜா ஷுரு", பூஜை ஆரம்பம் என்று கண்ணடிப்பார்கள். எங்களுக்கு அதில் பெருமைதான். இதை வேறு எவளாவது செய்ய முடியுமா? முடியாது. 1965 தொடக்கத்தில் மதராஸ் ராஜ்யத்தில் மொழிக் கலவரம் நடந்தபோது, ஊரில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு கால் மேல் கால் குவிந்தது. நாங்கள் இரண்டு பேரும் டியூட்டி முடிந்தும் எழுந்திருக்கவில்லை. மிஸ் எங்கள் முதுகில் தட்டி, "நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் போர்டு இல்லை" என்றார். அன்று ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் ராணிகள் மாதிரி உட்கார்ந்து வந்தோம்.

மிஸ் சொன்ன அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பது அந்த வருஷக் கடைசியில்தான் எங்களுக்கு உறைத்தது. ஆபரேட்டருக்கு மேலே மானிட்டர் பதவி. போர்டில் உட்கார வேண்டாம். பத்துப் பெண்களை மேற்பார்க்க வேண்டும், யார் எந்தப் போர்டு என்று டியூட்டி சார்ட் போட வேண்டும். அதில் ஒரு இடம் காலியாயிற்று. சீனியாரிட்டிப்படி அக்காவுக்கு வர வேண்டியது. வந்தது அவளுக்கு அடுத்திருந்த ஒரு பார்சிப் பெண்ணுக்கு. மானிட்டர் ஆகிறவருக்கு எல்லாப் போர்டும் தெரிந்திருக்க வேண்டுமாம். அக்காவுக்குத் தெரிந்தது மெட்ராஸ் ஒன்றுதான் என்று மேலதிகாரி எழுதிவிட்டார். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பார்சிப் பெண்ணைப் போன்றவர்கள் மாதத்துக்கு ஒரு போர்டாகச் சுற்றிவந்தபோது, எங்களை யாரும் எழுப்பவில்லை. நாங்களும் எழுந்திருக்கவில்லை.

அக்கா அழவில்லை. ஒரு வாரம் ஃப்ளாஸ்க்கைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

1967இல், மழை முடிகிற சமயத்தில், இரண்டு மானிட்டர் இடங்கள் காலியாகப் போகின்றன என்று தெரிந்தது. சீனியாரிட்டியில் முதல் ஆள் அக்கா. அவளுக்கு அடுத்து நான். இந்தத் தடவையும் 'ஒரே போர்டு' என்று எழுதிவிட்டால், எங்களுக்குப் பின்னால் வந்த பெண்கள் எங்களுக்கு மேலே போய்விடுவார்கள். ஒரு தடவை மேலே போனவர்கள் கீழே வருவதில்லை. ரிட்டயர் ஆகிறவரைக்கும் அவர்கள் போடுகிற சார்ட்டில் நாங்கள் மெட்ராஸ். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இன்னும் முப்பது வருஷம் அதே நாற்காலியில் சாமி பெயர் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

இரண்டு பேருமாக மிஸ்ஸிடம் போனோம். வேறு போர்டு கொடுங்கள் என்றோம். அவர் கெட்டவர் இல்லை. யோசித்தார். ஒருத்தியை விடலாம், இன்னொருத்தி மெட்ராஸில் இருந்தே ஆகவேண்டும் என்றார். யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார். கருணையோடுதான் சொன்னார். எங்களிடையே சண்டை மூட்ட அதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் லேடீஸ் பெட்டியில் கூட்டம். நின்றுகொண்டே பேசினோம்.

"நான் சீனியராக்கும்," என்றாள் அக்கா.

"தெரியும்க்கா."

"போன தடவை என்னைத்தான் தாண்டிப் போனா. ஒன்னை இல்லை."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன் மூஞ்சியை அப்படி வச்சுண்டிருக்கே? ஒனக்கென்ன, கோட்டா இருக்கு. என்னிக்காவது வந்துடும். நேக்கு என்ன இருக்கு?"

ஏழு வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அன்றுதான். மானிட்டர் பதவிக்கு அப்போது கோட்டா எதுவும் கிடையாது. சீனியாரிட்டியும் தகுதியும் மட்டும்தான். அது அவளுக்கும் தெரியும்.

"கோட்டா வாசல் வரைக்கும்தாம்க்கா கூட வந்துச்சு," என்றேன். "உள்ள வந்தப்புறம் உங்க பக்கத்து நாற்காலிதான். நீங்க எந்திரிக்கலன்னா நானும் எந்திரிக்கல. எனக்குன்னு தனியா என்ன கோட்டா இருக்கு?"

பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் சண்டை என்று தெரிந்துவிட்டது. தாதர் வந்தது. மாட்டுங்காவில் இறங்கும்போது அக்கா, "நாக்கு நீளம்டி நேக்கு, விட்டுடு," என்றாள். நான் இறங்கி எதிர்ப்பக்கம் நடந்தேன். மன்னித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் இரண்டு பேருமே பத்து நிமிஷம் முன்னதாக வந்திருந்தோம்.

மூன்றாவதாக ஓர் ஆள் கிடைத்தால் எங்கள் இரண்டு பேரையும் விடுவீர்களா என்று மிஸ்ஸைக் கேட்டேன். "யார் வருவார்கள்?" என்று சிரித்தார். மெட்ராஸ் போர்டு என்றால் மற்றப் பெண்களுக்குப் பயம். சாப்பாட்டு அறையில் ஒவ்வொருத்தியாகக் கேட்டோம். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, தமிழ்ச் சத்தம் தனக்குத் தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கியது மாதிரி இருக்கிறது என்றாள்.

கடைசி மேஜையில் நாக்பூர் போர்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். மராத்திப் பெண், தாதரில் வீடு, கல்யாணமாகி ஒரு வருஷம். எங்களுக்கு நாலு வருஷம் ஜூனியர். "என்னை ஏன் கேட்கவில்லை?" என்றாள்.

உண்மையில் நாங்கள் கேட்கப் பயந்தோம். அந்த வருஷங்களில் தெற்கத்திக்காரர்கள் வேலையையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்று தெருவில் கோஷம் கேட்க ஆரம்பித்திருந்தது. தாதரில் நாங்கள் தமிழில் சத்தமாகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தோம்.

அவளே சொன்னாள்: "அரே, வெளியே எல்லாரும் உங்கள் நாற்காலியை எங்களுக்குக் கொடு என்று கத்துகிறார்கள். கத்தாமல் கேட்கிறவள் நான் ஒருத்திதான். எனக்கும் தரமாட்டீர்களா?"

அக்காவுக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்து முடித்ததும் அந்தப் பெண் தன் கஷ்டத்தைச் சொன்னாள். மராத்தி தெரிந்தவள் என்பதால் அவளை நாக்பூரிலும் பூனாவிலும் மட்டும்தான் போடுகிறார்கள். அவளுக்கும் ஒரு நாள் மானிட்டர் ஆக வேண்டும். தமிழர்களை மட்டும்தான் இப்படிக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் இன்னும் பலரும் அவரவர் பாஷையில் கட்டப்பட்டுத்தான் இருந்தார்கள். எங்கள் கயிறுதான் நீளம் கம்மி.

மிஸ் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. இரண்டு வாரம் பார்ப்போம். அந்தப் பெண் மெட்ராஸில், நான் நாக்பூரில், அக்கா டில்லியில். மெட்ராஸுக்கு அதிகம் பேசுகிற தாராவித் தோல் வியாபாரிகளிடமிருந்து ஒரு புகார் வந்தால் அவரவர் பழைய இடம். அதற்குப் பிறகு இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

தமிழ் எண்களையும் "யாரு வேணும்", "இருங்க", "பேசுங்க" என்ற வார்த்தைகளையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். பெயர் சொல்லாத பெண்களைப் பற்றி மட்டும் அக்கா சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா ஓடிப்போயிடுவா," என்றாள்.

முதல் வாரம் வியாபாரிகளின் கால்கள் சுகமாகப் போயின. தோல் வியாபாரிகளுக்கு எந்த பாஷையிலும் விலை கேட்கத் தெரியும். இரண்டாவது வாரம், தீபாவளி நெருக்கத்தில், நாங்கள் பயந்தது வந்தது. நாக்பூர் போர்டு மெட்ராஸுக்கு மூன்று நாற்காலி தள்ளி. என் காதில் நாக்பூர் ஆரஞ்சு வியாபாரி ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். மறு காதில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"ஆள் பேரு? ஆள் பேரு போலோ, பாயி."

'சொல்லுங்கள், அம்மா' என்கிறாள். மறுபடி, "ஆள் பேரு?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மெட்ராஸ் போர்டில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மிஸ் தன் மேஜையிலிருந்து எழுந்து மெல்ல அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் என் கார்டை விட்டுவிட்டு அங்கே ஓட முடியாது; ஓடினால் அதுவே தோல்வி. டில்லி போர்டிலிருந்து அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. மலை மேல் நிற்கும் சாமிகளை அவள் வரிசையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நிஜமாகவே வேண்டிக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள்.

மராத்திப் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு ஹிந்தியில், தாராவிக் கடைத்தெருவில் எல்லோரும் பேசுகிற அதே பம்பாய் ஹிந்தியில், மெதுவாகக் கேட்டாள். "பாயி, கூட பச்சா யாராவது இருக்கிறார்களா? ஃபோனைக் குழந்தையிடம் கொடு."

ஏதோ சலசலப்பு. பிறகு அவள், "பேபி, அப்பா கா நாம் கியா?"

ஒரு பெண் குழந்தையின் கீச்சுக் குரல். மராத்திப் பெண் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்; அவ்வளவு சத்தம். குழந்தை அப்பா பெயரைச் சொன்னது, தாத்தா பெயரைச் சொன்னது, கேட்காமலே வீட்டு இலக்கத்தையும், அம்மாவிடம் அடி வாங்கிய விஷயத்தையும் ஹிந்தியிலேயே சொன்னது. பின்னால் தாய் "போதும்ட்டி, போதும்" என்று அதட்டுவது எனக்கே கேட்டது. மராத்திப் பெண் சீட்டில் பெயரை எழுதினாள், மெட்ராஸைக் கூப்பிட்டாள், அடுத்த விளக்குக்குப் போனாள். மிஸ் தன் மேஜைக்குத் திரும்பினார்.

ஆரஞ்சு வியாபாரி என்னை "ஸோ கயீ கியா?", தூங்கிப்போனாயா என்று திட்டினார். ஒரு ஸாரி சொல்லி அவர் நம்பரை எழுதிக்கொண்டேன்.

சாப்பாட்டு அறையில் அவளைப் பிடித்துக்கொண்டோம். உனக்கு எப்படித் தெரிந்தது?

"எதற்கு இதில் ஆச்சரியம்?" என்றாள். அவர்கள் வீட்டிலும் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லையாம். கல்யாணத்தன்று மட்டும் வாசலை மறித்துக்கொண்டு சொல், சொல் என்று பிடுங்குவார்களாம். பாட்டு மாதிரி இரண்டு வரி கட்டி, அதற்குள் பெயரை ஒளித்துச் சொல்ல வேண்டுமாம். "அன்றைக்குச் சொன்னதுதான். அதற்குப் பிறகு ரேஷன் கடையில் கேட்டால்கூட மச்சினன் பையனைத்தான் சொல்லச் சொல்வேன். குழந்தைகளுக்கு என்ன வெட்கம்?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா கூடத்திலே ஒக்காந்துண்டு சாமி பேரா சொல்லிண்டிருந்தோமே! பக்கத்திலே ஒரு கொழந்தை இருக்குமேன்னு நமக்குத் தோணித்தா?"

"தோணலியே."

"போறும் போ. புண்ணியமாவது கெடைச்சிருக்கும்."

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அந்தத் தாராவிப் பெண்களுக்கு ஹிந்தி தெரியாது என்று நாங்கள் எப்படி முடிவு செய்தோம்? தினமும் ஹிந்தியில் பேரம் பேசிக் கத்தரிக்காய் வாங்குகிறவர்கள். நாங்கள் தமிழில் கேட்டோம், அவர்கள் தமிழில் பதில் சொன்னார்கள். வேறு யாரும் கேட்டுப் பார்க்கவே இல்லை. நாங்கள் இல்லாவிட்டால் அந்தப் போர்டு இல்லை என்பது பொய். அது தெரிந்த நிமிஷம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஏழு வருஷப் பெருமை. ஆனால் அந்த வலி சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் போய்விட்டது. தோளிலிருந்து ஒரு கூடையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

புகார் ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரம் மூன்று மாதமாயிற்று. நான் நாக்பூர் முடித்து அகமதாபாத், அதற்குப் பிறகு கல்கத்தா என்று நகர்ந்தேன். டிசம்பரில் பம்பாய் வரைக்கும் உலுக்கிய கொய்னா பூகம்பம் வந்தபோது அக்கா கல்கத்தாவில், நான் அகமதாபாத்தில். விடிவதற்கு முன்னால் வந்த ஆட்டம் அது. அன்று காலை ஷிப்டில் எல்லாப் போர்டும் ஒரே சமயத்தில் எரிந்தது. யார் எந்த பாஷை என்று யாரும் பார்க்கவில்லை. எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார்ந்தோம். மேலதிகாரி வந்து கூடத்தின் நடுவில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்காகத்தான் அவர் மனம் மாறினார் என்று அக்கா சொல்வாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் என்ன நினைத்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

68 ஆரம்பத்தில் அக்காவுக்கு மானிட்டர் ஆர்டர் வந்தது. ஸ்டேஷனுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்தாள். தனக்கு வாங்கவில்லை, அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது இடத்துக்கான ஆர்டர் நாலு மாதம் இழுத்தது. அந்த நாலு மாதமும் ஆபீஸில் யாராவது கிசுகிசுத்தால், அது என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றும். இந்த முறை தாண்டிப் போக ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமலும் தாண்டலாம் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். படித்துவிட்டு மடித்தேன். மறுபடி பிரித்துப் படித்தேன். மூன்று வரிதான், ரிசர்வ் என்ற சொல் எங்கேயும் இல்லை. அது இருந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன், வெட்கமும் பட்டிருக்க மாட்டேன். ஆனால் இல்லை. அன்று லேபர் கேம்ப் சந்தில் நுழையும்போது குழாயடியில் அம்மா நின்றிருந்தாள். "என்னட்டி, சீக்கிரம் வந்துட்டே?" என்றாள். நேரம் எப்போதும் போலத்தான். நான் வேகமாக நடந்து வந்திருக்கிறேன்.

மானிட்டரான முதல் வாரம், ஆண்டாப் ஹில்லிலிருந்து புதிதாக ஒரு தமிழ்ப் பெண் சேர்ந்தாள். சார்ட்டில் அவள் பெயருக்கு நேரே டில்லி என்று எழுதினேன். முகம் வாடி என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், என்னை மெட்ராஸ்ல போடுங்க. எனக்குத் தமிழ் நல்லா வரும்."

"நல்லா வரும்னு தெரியுது. மெட்ராஸ் எங்கயும் போயிராது. அஞ்சாவது மாசம் உன் முறை வரும்."

"டில்லிக்காரங்க பேசுறது ஒண்ணும் புரியல, மேடம்."

"எனக்கும் மொதல்ல புரியலதான். இருந்து கேளு, புரியும்."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். நான் மிஸ்ஸின் மேஜைப் பக்கம் பார்க்கவில்லை. மெட்ராஸ் போர்டில் அன்று ஒரு சிந்திப் பெண் உட்கார்ந்து, "இருங்க, இருங்க" என்று யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். டில்லி போர்டில் விளக்கு எரிந்தது. ஆண்டாப் ஹில் பெண் பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். கார்டை எடுத்துச் செருகினாள்.